கணினித் துறைக்கு எல்லோரும் வேறு துறையிலிருந்துதான் வந்தார்கள்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றின் வராந்தாவில் எங்கள் படிப்பு வட்டம் கூடியிருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், இ.சி.இ. இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் தயங்கியபடி வந்தார்.

"அண்ணே, எனக்கு எம்.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும். நான் படிக்கிறது இ.சி.இ. நான் அப்ளை பண்ணலாமா?"

"பண்ணக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"எங்க சார்தான். 'அவனவன் படிச்ச பிரிவுலயே மேல படிக்கணும்பா. கோட்டாவுல சீட்டு கிடைச்சாலும் உள்ள போய் முழிப்ப'ன்னு சொன்னாரு."

அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, அக்கறையில் சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் 'அவனவன் அவனவன் இடத்திலேயே இரு' என்ற வாக்கியத்தை நம் மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அதைக் கல்லூரி வகுப்பறையில் கேட்கும்போது மட்டும் அறிவுரை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தம்பி ஏன் இ.சி.இ. எடுத்தார் என்று கேட்டோம். விருப்பப்பட்டு எடுக்கவில்லை. கலந்தாய்வில் அவர் முறை வந்தபோது கணினி அறிவியல் இடங்கள் தீர்ந்திருந்தன. வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. எந்தப் பிரிவு என்னவென்று சொல்ல ஆளில்லை. திரையில் மிச்சமிருந்ததில் பேருந்து வசதி உள்ள கல்லூரியைப் பார்த்து அமுக்கியிருக்கிறார். பதினேழு வயதில், பத்து நிமிடத்தில், வழிகாட்ட ஆளில்லாமல் அமுக்கிய ஒரு பொத்தான் ஆயுள் முழுக்க ஒருவருடைய துறையைத் தீர்மானிக்குமா?

நம்மில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்.சி. கணிதம் படித்தவர்கள், இயற்பியல் படித்தவர்கள், பி.சி.ஏ. முடித்தவர்கள், இ.இ.இ., மெக்கானிக்கல் படித்துவிட்டு இரவில் பைத்தான் கற்றுக்கொள்பவர்கள். விண்ணப்பப் படிவத்தில் 'தொடர்புடைய துறை' என்ற சொல்லைப் பார்த்ததும் அது தங்களைக் குறிக்கிறதா என்று தெரியாமல் பக்கத்தை மூடிவிடுகிறவர்கள். அவர்களுக்காக இந்தக் கட்டுரை. அந்தத் தம்பிக்கு அன்று ஒரு மணி நேரத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

முதலில் வந்தது முதுநிலைப் படிப்பு

கணினி அறிவியல் என்றால் பி.இ.யில் சேர்ந்து நான்கு ஆண்டு படிப்பது, அதற்கு மேல் எம்.இ. என்று நாம் நினைக்கிறோம். வரலாறு தலைகீழாக இருக்கிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953இல் கணினியைக் கற்றுத்தர ஒரு டிப்ளமோ படிப்பைத் தொடங்கியது. எண்ணியல் பகுப்பாய்வும் தானியங்கிக் கணிப்பும் என்பது அதன் பாடம். ஓராண்டுப் படிப்பு. ஏற்கெனவே பட்டம் முடித்தவர்களுக்கான முதுநிலைப் படிப்பு. கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் என்ற ஒன்று அப்போது உலகில் எங்குமே கிடையாது. ஆகவே அதில் சேர்ந்த ஒவ்வொருவரும் கணிதமோ இயற்பியலோ வேறு ஏதோ ஒன்றோ படித்துவிட்டு வந்தவர்தான். 'நீ கணினி படிக்காதவன்' என்று யாரையும் அங்கே திருப்பி அனுப்ப முடியாது. அப்படி அனுப்பினால் வகுப்பே காலியாகிவிடும்.

டைக்ஸ்ட்ரா என்ற பெயரைக் கணினி மாணவர்கள் அறிவார்கள். இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் அவர் பெயரில் இருக்கிறது. அவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் படித்தது கோட்பாட்டு இயற்பியல். 1957இல் அவருக்குத் திருமணம். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் ஏற்க மறுத்தார்கள். கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று எழுத வேண்டியதாயிற்று. 1972இல் டூரிங் விருது பெற்றபோது அவரே இதைச் சொன்னார்.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் தனியாகக் கணினி அறிவியல் துறையைத் தொடங்கியது. அந்நாட்டில் அதுவே முதல். 1965இல் அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதல் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் ஒன்றைப் பெற்றவர் மேரி கென்னத் கெல்லர் என்ற கத்தோலிக்க அருட்சகோதரி. அதற்கு முன் அவர் படித்தது கணிதமும் இயற்பியலும். பார்பரா லிஸ்கோவ் 1961இல் பெர்க்லியில் கணிதத்தில் இளநிலை முடித்தார். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியலில் முனைவர் ஆனார். 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எனியாக் இயந்திரத்துக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன் கல்லூரியில் படித்தது இதழியல்.

இவர்கள் யாரையும் நாம் விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. அந்தத் தலைமுறையில் விதியே இதுதான். கணினி அறிவியல் என்ற துறையை உருவாக்கியவர்கள் அனைவரும் 'தொடர்புடைய துறை'க்காரர்கள்.

கிண்டியின் இரண்டு கதைகள்

நம் ஊருக்கு வருவோம். டூரிங் விருது பெற்ற முதல் ஆசியர் ராஜ் ரெட்டி. செயற்கை நுண்ணறிவில், குறிப்பாகப் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளும் ஆய்வில் முன்னோடி. 1994இல் அவருக்கு விருது வந்தது. ஆந்திரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர். அவர் இளநிலைப் பட்டம் பெற்றது சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில், 1958இல். படித்தது சிவில் இன்ஜினியரிங். ஆஸ்திரேலியாவில் எம்.டெக். முடித்து, ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பாலமும் கட்டடமும் படித்தவருக்குத் தொடர்புடைய துறை கணினி என்று இன்றைக்கு எந்தத் தேர்வுக் குழு ஒத்துக்கொள்ளும்?

இது கிண்டியின் ஒரு கதை. இன்னொரு கதையும் அதே கல்லூரி வாசலில் நடந்தது. அதையும் தெரிந்துகொண்டால்தான் வரலாறு முழுமையாகும்.

அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரசாணையில் 'அரிசனர்' என்று குறிக்கப்பட்ட நம் மக்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்துவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வழங்கியது. இதை எதிர்த்து இரண்டு பேர் நீதிமன்றம் போனார்கள். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரி விஷயமாக வழக்குத் தொடுத்தார் என்பது பலருக்கும் தெரியும். இன்னொரு மனுதாரரான சீனிவாசனைப் பலரும் மறந்துவிட்டார்கள். அவர் கேட்டது கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீட்டுக்கு இன்றுவரை அடிப்படை அந்தப் பிரிவுதான்.

ஆக, கிண்டியின் கதவை யார் தட்டலாம் என்பதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சண்டை நடந்திருக்கிறது. சிவிலிலிருந்து கணினிக்குப் போவது அடுத்த படி. அதற்கு முன் கிண்டிக்குள் போவதே நம்மவர்களுக்குப் போராட்டமாக இருந்தது. 'துறை மாறலாம்' என்ற சுதந்திரம் முதலில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இயந்திரத்தின் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

இந்தியாவுக்கு முதல் கணினி 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய டிஃப்ராக் இயந்திரம் 1960இல் முறைப்படி இயங்கத் தொடங்கியது. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன் முனைவர் பட்டம் பெற்றது கணிதத்தில். ஐ.ஐ.டி. கான்பூருக்கு 1963இல் ஐ.பி.எம். 1620 வந்தது. 1965இல் அங்கே வி. ராஜாராமன் முதலானோர் எம்.டெக். அளவில் கணினி அறிவியலைக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். இந்தியாவில் இத்துறையின் முதல் கல்வித் திட்டம் அதுதான். ராஜாராமன் தில்லியில் இளநிலையில் படித்தது இயற்பியல்.

கவனியுங்கள் தோழர்களே, இந்தியாவிலும் முதுநிலைதான் முதலில். கான்பூரில் பி.டெக். கணினி அறிவியல் 1970களின் இறுதியில்தான் வந்தது. நடுவில் பத்தாண்டுகளுக்கு மேல், எம்.டெக்.கில் கணினி படித்த ஒவ்வொருவரும் மின்பொறியியல் முதலான வேறு பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் 'உன் பிரிவிலேயே படி' என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது 1973இல். கான்பூரில் கணினி வகுப்பு தொடங்கி எட்டு ஆண்டு கழித்து. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் தொடங்கி பதினான்கு ஆண்டு கழித்து. யார் வேண்டுமானாலும் எந்தத் துறையிலிருந்தும் வரலாம் என்று கதவு அகலத் திறந்திருந்த அந்த முதல் ஆண்டுகளில், நமக்கென்று ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் உள்ளே போனவர்கள்தான் பிறகு பேராசிரியர்கள் ஆனார்கள், பாடநூல் எழுதினார்கள், நேர்முகத் தேர்வு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்.

1980களில் கணினிக்குச் சந்தை மதிப்பு ஏறியது. இளநிலைப் படிப்புகள் பெருகின. அதன்பிறகு 'கணினி படித்தவன்', 'கணினி படிக்காதவன்' என்ற வேலி எழும்பியது. முன்பு யாரும் கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறார்கள். அந்த வேலியிலும் ஒரு திறப்பு இருந்தது. கணிதம் படித்த பி.எஸ்.சி., பி.காம். பட்டதாரிகளும் கணினித் துறைக்கு வரட்டும் என்று 1980களில் எம்.சி.ஏ. படிப்பு பரவியது. மூன்றாண்டுப் படிப்பாக இருந்த அது 2020-21 கல்வியாண்டிலிருந்து இரண்டாண்டாகிவிட்டது. இன்றைக்கு எம்.சி.ஏ.வை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. கலைக் கல்லூரியிலிருந்து கணினித் துறைக்கு வர ஏழை மாணவர்களுக்குக் கிடைத்த நேரான வழி அது.

காவல் காத்த சிறுவன்

இனி அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து ஒருவரைச் சொல்ல வேண்டும். சிறுத்தைகள் என்ற பெயரையே அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட இயக்க மரபு நம்முடையது. ஆகவே இது நமக்கு அந்நியக் கதை இல்லை.

கிளாரன்ஸ் எல்லிஸ் 1943இல் சிகாகோவில் பிறந்தார். தந்தை உடனில்லை. தாய் தனியாளாக ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். பதினைந்து வயதில் எல்லிஸ் ஒரு நிறுவனத்தில் இரவுக் காவல் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நிறுவனம் அப்போதுதான் ஒரு கணினி வாங்கியிருந்தது. அதைக் காவல் காக்க வேண்டும், தொடக் கூடாது என்பது உத்தரவு. இரவெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்த சிறுவன், அருகில் கிடந்த கையேடுகளை எடுத்துப் படித்தார். ஒருநாள் அவசர வேலை ஒன்றின் நடுவே புதிய துளை அட்டைகள் தீர்ந்துவிட்டன. பயன்படுத்திய அட்டைகளையே மறுபடி போடும்படி இயந்திரத்தை மாற்றியமைக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை, காவல்காரச் சிறுவனைத் தவிர.

பெலாய்ட் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1964இல் பட்டம் பெற்றார். அவர் படிக்கும்போது கல்லூரிக்கு ஒரு கணினி நன்கொடையாக வந்தது. அதை நிறுவி இயக்க, தன் பேராசிரியரோடு சேர்ந்து உழைத்தார். 1969இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அத்துறையில் முனைவரான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதிக்குப் பின்னாலுள்ள அடிப்படை ஆய்வில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இணையத்தில் நண்பர்களோடு ஒரே கோப்பில் எழுதுகிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

அதே நாட்டில், விமான ஆய்வுக் கூடமான லாங்லியில், கறுப்பினப் பெண் கணிதவியலாளர்களைத் தனிக் கட்டடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். தனி உணவு மேசை, தனிக் கழிப்பறை. நம் ஊர் இரட்டைக் குவளையைப் போல. அந்தப் பிரிவின் தலைவியாக இருந்த டோரத்தி வாகன் 1929இல் கணிதத்தில் பட்டம் பெற்றவர். மின்னணுக் கணினி வந்தால் கையால் கணக்கிடும் தன் குழுவின் வேலை போய்விடும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தார். ஃபோர்ட்ரான் மொழியைத் தானே கற்றார். தன் குழுவினருக்கும் கற்றுக்கொடுத்தார். தான் மட்டும் தப்பித்துப் போகவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பேரிடமிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தன்னம்பிக்கைப் பேச்சு இல்லை. எல்லிஸுக்கு மூளை இருந்தது, சரி. ஆனால் கையேடு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பிறகு கல்லூரிக்கு ஓர் இயந்திரம் வந்தது. சேர்த்துக்கொண்டு வேலை செய்ய ஓர் ஆசிரியர் இருந்தார். இந்த மூன்றும் இல்லாமல், அவரைப் போன்ற மூளையோடு எத்தனை பேர் இரவுக் காவலிலேயே முடிந்துபோனார்கள்? அவர்கள் வரலாற்றில் இல்லை. 'தகுதி' என்று பேசுகிறவர்கள் எண்ண மறுக்கும் கணக்கு அது.

அண்ணல் கேட்டது

துறை விட்டுத் துறை போவது நம் மரபிலேயே இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பொருளியலும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கே பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் என்று பலவற்றையும் படித்தார். லண்டனில் பொருளியல் ஆய்வும் சட்டமும் ஒருசேரப் படித்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. 1920இல் மறுபடி போய் முடித்தார். 'பொருளியல் படித்தவனுக்குச் சட்டம் எதற்கு' என்று அவர் நின்றிருந்தால் அரசியலமைப்பை எழுதிய கை நமக்குக் கிடைத்திருக்காது.

அதைவிட முக்கியமான ஒன்று. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து ஒரு கோரிக்கை மனுவை அவர் அரசிடம் கொடுத்தார். அதில் கல்விக்காகக் கேட்டது என்ன? அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் நம் மாணவர்களுக்கு உதவித்தொகை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் படிக்கப் பணம். இந்தியாவில் ஒரு கணினிகூட இல்லாத காலத்தில், எழுத்தர் வேலைக்கான படிப்போடு நம் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது, தொழில்நுட்பத்துக்குள் போக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பள்ளி முடித்தவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வெளிநாட்டில் படிக்க வழங்கப்படும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இல் வந்தது. நீங்கள் இன்று நிரப்பும் உதவித்தொகைப் படிவத்தின் வயது உங்கள் தாத்தாவின் வயது. அது யாரும் போட்ட பிச்சை இல்லை.

இப்போது என்ன செய்வது?

வரலாறு தெரிந்தால் மட்டும் இடம் கிடைக்காது. அந்தத் தம்பியிடம் சொன்ன நடைமுறை விஷயங்களையும் எழுதிவிடுகிறோம்.

கேட் தேர்வில் கணினி அறிவியல் தாளை எழுத கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை. இ.சி.இ. படித்தவரும் எழுதலாம், பி.எஸ்.சி. கணிதம் படித்தவரும் எழுதலாம். மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். 2021 முதல் இரண்டு தாள்கள் எழுதவும் அனுமதி உண்டு. சொந்தத் துறைத் தாள் ஒன்று, கணினித் தாள் ஒன்று என்று எழுத முடியுமா என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். நமக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. தகுதி மதிப்பெண் பொதுப் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு. மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். மத்திய நிறுவனங்களில் நமக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

தேர்வு எழுதத் தகுதி வேறு, சேர்க்கைத் தகுதி வேறு. இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்த இளநிலைப் பட்டங்களை ஏற்கும் என்று அறிவிப்பிலேயே பட்டியல் போட்டிருக்கும். சிலர் எந்தப் பொறியியல் பிரிவையும் ஏற்பார்கள், சிலர் குறிப்பிட்ட பிரிவுகளை மட்டும். ஆராய்ச்சி வழியிலான எம்.எஸ். படிப்பும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் எம்.எஸ்.சி. கணினி அறிவியலும் கணிதம் படித்தவர்கள் பார்க்க வேண்டியவை. யாரோ சொன்னதைக் கேட்காமல் அறிவிப்பை நீங்களே படியுங்கள். பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பணி விளம்பரங்களில் 'உரிய பிரிவில்' இளநிலையும் முதுநிலையும் என்று கேட்பார்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் சிக்கல் வரலாம்.

படிக்க வேண்டியதைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். இடஒதுக்கீடு கதவைத் திறக்கும். உள்ளே இருக்கும் பாடத்தை நாம்தான் படிக்க வேண்டும். இ.சி.இ. படித்தவருக்கு டிஜிட்டல் லாஜிக், மைக்ரோபிராசஸர் தெரியும். கணிதம் படித்தவருக்கு வரைபடக் கோட்பாடும் நேரியல் இயற்கணிதமும் கைவசம் இருக்கும். இருவருக்கும் பொதுவாக விடுபட்டிருப்பவை நான்கு: தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். இவற்றுக்கு ஓராண்டு ஒதுக்குங்கள். என்.பி.டெல். வகுப்புகள் இணையத்தில் இலவசம். தனியாக உட்கார வேண்டாம், நான்கு பேராகச் சேர்ந்து படியுங்கள். டோரத்தி வாகன் செய்தது அதைத்தான்.

நேர்முகத்தில் 'ஏன் துறை மாறுகிறாய்' என்று கேட்பார்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் பதில் சொல்ல வேண்டாம். கலந்தாய்வில் சீட்டு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அது உங்கள் கதையில் பாதி. உங்கள் துறையில் எந்தக் கேள்வி உங்களைக் கணினிக்கு இழுத்தது, அதற்காக என்ன படித்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சிறியதாக இருந்தாலும் ஓடுகிற ஒரு நிரல், பத்து வரிப் புகழுரையைவிட உங்களுக்காக நன்றாகப் பேசும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனத்துக்கு. தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவுகிறது. இரண்டின் விதிகளும் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் வழிகாட்டுதலைப் பாருங்கள். கணினி அல்லாத துறையிலிருந்து வருபவர்களுக்கென்றே மாற்று முதுநிலைப் படிப்புகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2001 முதல் அப்படி ஒன்றை நடத்துகிறது. கடல் தாண்டினாலும் சாதி கூடவே வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. அது நம் தோழர்கள் அங்கே போராடிப் பெற்றது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் அங்கே அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவாக

அந்தத் தம்பி அன்றைக்கு விடுதித் தோழரின் மடிக்கணினியை வாங்கி, எங்கள் முன்னாலேயே கேட் பதிவைத் தொடங்கினார். முதல் முயற்சியில் மதிப்பெண் போதவில்லை. இப்போது மறுபடி படிக்கிறார். இந்த முறை அவரோடு இன்னும் மூன்று பேர் படிக்கிறார்கள், அதில் ஒரு தங்கை பி.எஸ்.சி. இயற்பியல். தோற்றதை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், வென்றவர்களின் கதையை மட்டும் சொல்வது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். இரண்டாவது முறை எழுத அவர்களுக்கு ஓராண்டு சோறும் இடமும் வேண்டும். அதைக் கொடுப்பது நம் இயக்கங்களின் வேலை. படித்து வேலைக்குப் போன தோழர்கள் மாதம் ஒரு புத்தகமாவது வாங்கிக் கொடுங்கள், வாரம் ஒரு மணி நேரமாவது வந்து சொல்லிக் கொடுங்கள்.

'உன் பிரிவிலேயே படி' என்று உங்களிடம் யாராவது சொன்னால், கணினி அறிவியலின் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தப் பிரிவு என்று திருப்பிக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தை நிரப்புங்கள், கடைசி நாளுக்கு முன்னால்.

ஜெய்பீம்!